பொய்த்தலை

…சரி என்று சொல்லியிருக்கவே கூடாது, அந்த ஒரு சொல்லை விழுங்கித் தொலைத்திருந்தால் இப்போது நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிப் பெட்டிக்குள், காற்று அடங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்தில் மனசு இப்படிக் கிடந்து அடித்துக்கொள்ளாது, காலையில் ஏழேகாலுக்கு, பேருந்து நிறுத்தத்தில், இடுப்பில் மகள், தோளில் இரண்டு பை, ஒன்றில் இவளுடைய பாதுகாப்பு பெல்ட், இன்னொன்றில் மகளின் மாற்று உடுப்பு, தண்ணீர் புட்டி, வருகிறதா வருகிறதா என்று இவள் கழுத்தை நீட்டிப் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மகள் நிறுத்தத்தின் பின்னால் ஆடிக்கொண்டிருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பேச ஆரம்பித்தாள், சும்மா இல்லை, ஏதோ பெரிய விஷயம், ஒரு விரலை மடக்கி ஒன்று சொன்னாள், அடுத்த விரலை மடக்கி இன்னொன்று, நடுவில் ஒரு 'ஆனா'… அந்த 'ஆனா' மட்டும்தான் காதில் விழுந்தது, முன்னால் வந்ததும் பின்னால் வந்ததும் லாரிச் சத்தத்தோடு போயிற்று, பேருந்து வந்து நின்றது, இவள் 'சரிடா கண்ணு' என்றாள். 'என்ன தயி?' என்று கேட்டாள் மகள். என்ன சரி? மூன்று வயசு முடிய இன்னும் இரண்டு மாசம் கிடக்கிறது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிற கேள்வியைப் பாருங்கள். இவள் என்ன செய்தாள்? சிரித்தாள். 'நீ சொன்னது சரிதான்' என்று கன்னத்தைக் கிள்ளினாள். மகள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், காப்பகத்து வாசல் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குப் பார்த்து. சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் பேசியாக வேண்டிய இன்றைக்குப் பார்த்து.

வாக்கிடாக்கி கரகரத்தது, கீழே கொடியோடு நிற்கிற சிக்னல் அண்ணன், 'காத்துமானி இன்னும் சிவப்புலதான் இருக்கும்மா, கொக்கி மேலேயே இருக்கட்டும்' என்றார், 'கொக்கி மேலேயே இருக்கட்டும், சரி' என்று இவள் திருப்பிச் சொன்னாள், இங்கே எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம், அவர் 'ரெண்டு மீட்டர் இறக்கு' என்றால் 'ரெண்டு மீட்டர் இறக்கறேன்' என்று சொல்லி, அவர் 'ஆமா' என்ற பிறகுதான் கை நெம்புகோலைத் தொடும், காதில் விழாவிட்டால் விழவில்லை என்று சொல்ல வேண்டும், பாதி விழுந்தால் அதுவும் விழாத கணக்குதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், புதுசு, மறுபடி கேட்டால் கேவலம் என்று நினைத்து, அரைகுறையாய்க் கேட்டதை முழுசாய்க் கேட்ட மாதிரி 'சரிண்ணே' என்று சொல்லி ஒரு கட்டுப் பலகையை இறக்கினாள், பலகை சொகுசாய்ப் போய் உட்கார்ந்த இடம் மேஸ்திரியின் புது பைக், ஆள் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார், தம்ளரைக் கீழே வைக்காமலே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், பாவம். அன்றைக்கு விட்டது அந்தப் பழக்கம். ஆறு வருஷம். ஆறு வருஷமாக ஒரு செங்கல்லுக்குக்கூடப் பொய்யாய் 'சரி' சொன்னதில்லை, பெற்ற பெண்ணுக்குச் சொன்னாள், இதை எங்கே போய்ச் சொல்ல?

அவள் பேசுவது இருக்கிறதே… இவளுக்கு அதை நினைத்தாலே, கவலை ஒரு பக்கம் இருக்க, உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர் வைத்தது அப்பாக்காரன், ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன், விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போய் மத்தியானம் வந்து தூங்குகிறவன், ஒரு நாள் அவன் தூங்கப் போகும்போது 'அப்பா இப்ப தூங்கணும்டா' என்று சொல்ல, அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, 'நீ தூங்கலாம், ஆனா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத் தூங்கு, இல்லாட்டி நான் சொல்றது உனக்குத் தெரியாது' என்றாளாம், இதை அவன் புரிந்துகொள்ள முக்கால் மணி நேரம் ஆயிற்றாம், புரிந்த பிறகு தூக்கம் போயிற்றாம். ஒருவேளை, இல்லாட்டி, அதுக்கு முன்னாடி, நேத்திக்கு முந்தின நாள், நீ சொன்னியே ஆனா செய்யல, எல்லாம் வரும் அவளுக்கு, வயசுக்கு மீறின பேச்சு என்று மற்ற குழந்தைகளைச் சொல்வார்கள், அவளுடையது வாய்க்கு மீறின பேச்சு. க வராது, த வரும். ச வராது, அதுவும் த. ர, ல, ழ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ய. இந்த நாலு எழுத்தை வைத்துக்கொண்டு எமகாதகி எப்படித்தான் இத்தனை நீளத்துக்குக் கட்டுகிறாளோ, ஒரு சொல்லைச் சொல்லி எதிரில் இருக்கிறவர் முழித்தால் அதையே கத்த மாட்டாள், மற்ற பிள்ளைகளானால் தரையில் உருண்டு புரளும், அவள் ஒரு நிமிஷம் யோசிப்பாள், வேறு சொல்லை எடுத்துக்கொண்டு வருவாள், அதுவும் ஆகவில்லையா, கையால் செய்து காட்டுவாள், அதுவும் ஆகவில்லையா, அந்தப் பொருள் இருக்கிற இடத்துக்கு உங்கள் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள், அவ்வளவு பொறுமை இவளுக்குக் கிடையாது, அவனுக்கும் கிடையாது, எங்கிருந்து வந்தது?

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா போன மாசம் அவளோடு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டு, 'காது நல்லா இருக்கு, உள்ள இருக்கிற பேச்சு நாலு வயசுப் பிள்ளையோடது, நாக்குதான் பின்னாடி நடந்து வருது, வரும், அவசரமில்ல' என்றார், 'தப்பு தப்புன்னு திருத்தாதீங்க, அவ சொன்னதை நீங்க சரியா ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க, போதும், இன்னொண்ணு, புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க, புரிஞ்ச மாதிரி நடிக்காதீங்க, இந்த மாதிரிப் பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும்' என்றார். இவளுக்குச் சிரிப்புதான் வந்தது, இதுதானே என் பிழைப்பு, இதற்கா உங்களிடம் வந்தேன். அன்றைக்கு ராத்திரியே வீட்டில் சட்டம் போட்டாயிற்று, வக்கீல் சொல்வாள், அம்மா திருப்பிச் சொல்வாள், சரியாக இருந்தால் வக்கீல் கட்டை விரலைத் தூக்குவாள், இல்லாவிட்டால் 'இல்ல' என்பாள், அந்த 'இல்ல' மட்டும் அவ்வளவு சுத்தமாக வரும், இத்தனைக்கும் அதில் ஒரு ல இருக்கிறது, தேவைப்படுகிற இடத்தில் வந்துவிடுகிறது போல. அப்பாக்காரன்தான் மாட்டிக்கொண்டே இருப்பான், களைப்பில் 'ம்ம், ம்ம்' என்று பூம்பூம் மாடு மாதிரி ஆட்டுவான், ஒரு நாள் அவள் பேச்சை நிறுத்திவிட்டு அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆடாமல் நிறுத்தி, இவளைப் பார்த்து, 'அப்பாவுக்குப் பொய்த்தலை' என்றாள். பொய்த்தலை! யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பொய் தெரியும், தலை தெரியும், இரண்டையும் சேர்த்து முடிந்துவிட்டாள், 'பொய்த்தயை' என்றுதான் வாயில் வந்தது, அதனால் என்ன, இவர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு முழுக்க அந்தச் சொல்லையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெரியவர்கள் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிற ஒரு காரியத்துக்கு அன்றைக்குத்தான் பேர் கிடைத்தது.

அப்படிப்பட்டவளிடம் காலையில் பொய்த்தலை ஆட்டினாள். கண்ணாடியில் காற்று மோதியது, பெட்டி மெதுவாக ஆடியது, ஆடத்தான் செய்யும், ஆட வேண்டும், ஆடாவிட்டால்தான் பயப்பட வேண்டும், இதைப் போன வாரம் அப்பாக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் நம்பவில்லை, 'ஆடறது சரி, கால் வழுக்குனது?' என்றான், அதுவும் உண்மை, போன வாரக் காற்றில் காப்பகம் மூடிவிடுமே என்ற அவசரத்தில் தடதடவென்று இறங்கியபோது ஒரு படி தவறிப்போயிற்று, பெல்ட் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை, முழங்காலில் ஒரு சிராய்ப்பு, 'லேட்டானா அங்க ஒத்தையில நிப்பா, அழுவா, அதான் ஓடி வந்தேன்' என்று சொன்னாள், அவன் திட்டினான், பெண் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மாவுத் துண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அது கிடக்கட்டும், இப்போது மணி என்ன? நாலே முக்கால். காற்றுமானியின் எண் இறங்குகிற வழியாக இல்லை.

காப்பகத்துக் கதையே வேறு. அங்கே அவள் பேசுவதில்லை. முதல் வாரம் பேசினாளாம், டீச்சர் நல்ல பெண், சிரித்த முகம், இருபது பிள்ளைகள், ஒவ்வொன்றுக்கும் நின்று கேட்க அவளுக்கு ஏது நேரம், 'அப்படியா செல்லம், சூப்பர்' என்பாள், வக்கீல் இரண்டாவது வாரமே கடையைக் கட்டிவிட்டாள். ஏண்டா அங்க பேசறதில்ல என்று கேட்டதற்கு, 'டீச்சர் சிரிக்கறாங்க, கேக்கல' என்றாள், அதற்கு மேல் வாதம் இல்லை, வழக்கு முடிந்தது. நாலு மாசம். ஒரு சொல் கிடையாது. பொறுப்பாளர் அம்மா போன வெள்ளிக்கிழமை இவளை உட்காரவைத்து, 'தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நாங்க சொல்றது அவளுக்குப் புரியுதா இல்லையான்னே எங்களுக்குத் தெரியல, சின்னவங்க அறையில விட்டா அவளுக்கும் சௌகரியமா இருக்கும், அடுத்த வாரம் நீங்களும் இருக்கும்போது ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணலாம்' என்றார். சின்னவர்கள் அறை என்றால் தவழுகிற பிள்ளைகள், கிலுகிலுப்பை, வாயில் ரப்பர், கதைப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் 'ஒருவேளை' என்று யோசிக்கிற ஒருத்தியை உட்காரவைத்தால்? இவள் 'வீட்ல நல்லா பேசுவா, நீளமா பேசுவா' என்று சொன்னாள், பொறுப்பாளர் அம்மா கனிவாகத் தலையாட்டினார், எல்லா அம்மாக்களும் இதைத்தான் சொல்வார்கள் போல. ஆக, வக்கீல் வாயைத் திறக்க வேண்டும், திறப்பதானால் இவள் பக்கத்தில் இருந்தால்தான் திறப்பாள், ஏனென்றால் இவள் ஒருத்திதான் நடிக்காதவள்… ஒருத்தியாக இருந்தவள். காலை ஏழேகால் வரைக்கும்.

'இன்னிக்கு இவ்வளவுதான்மா, இறங்கிடு' என்றது வாக்கிடாக்கி. 'இறங்கறேன்' என்றாள். பூட்டைத் தளர்த்திக் கிரேனின் கையை அவிழ்த்துவிட்டாள், பிடித்து வைத்தால் காற்று முறித்துவிடும், அவிழ்த்துவிட்டால் அது பாட்டுக்குக் காற்றோடு திரும்பிக்கொள்ளும், கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது, பெல்ட்டை மாட்டினாள், ஏணியில் கால் வைத்தாள், பதினொரு ஏணி, ஒவ்வொன்றின் முடிவிலும் நிற்க ஒரு தட்டு, கால் தன்னால் வேகம் பிடித்தது, 'மெதுவாம்மா, மெதுவா' என்று அண்ணன் கீழேயிருந்து கத்தியது காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது, எங்கே மெதுவாக, ஐந்தரை ஐந்தரை என்று ஒவ்வொரு படியும் சொன்னது. என்ன சொல்லியிருப்பாள் காலையில்? ஒரு விரல், ஒன்று. இரண்டாவது விரல், இரண்டு. பிறகு 'ஆனா'. அதற்குப் பிறகும் இருந்தது, விரல் மடக்காத ஒன்று, இவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், யாருக்கும் கேட்கக் கூடாத மாதிரி சொன்னது ஒன்று. பொம்மை கேட்டாளா? பொம்மை கேட்கிறவள் ரகசியமாகக் கேட்க மாட்டாள், ஊரைக் கூட்டித்தான் கேட்பாள். சரி என்றால் சரிதான் என்று எடுத்துக்கொள்கிற வயசு, வக்கீல் அதை எழுதியே வாங்கிக்கொண்டிருப்பாள், எழுதத் தெரிந்திருந்தால்.

தெருவில் தகரப் பலகை ஒன்று விழுந்து கிடந்தது, கடைக்காரர்கள் வெளியில் அடுக்கியிருந்ததையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள், யாருடைய பிளாஸ்டிக் நாற்காலியோ சாலையைத் தானாகக் கடந்து போயிற்று, பேருந்து ஊர்ந்தது, ஒவ்வொரு சிக்னலும் இவளுக்கென்றே சிவப்பாக விழுந்தது. போய் என்ன செய்வது? 'சொல்லு கண்ணு, ஆன்ட்டிக்குச் சொல்லு' என்று கெஞ்சுவதா? அதைச் செய்யவே கூடாது, சொல்லு என்று சொன்னால் அவள் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. கொஞ்சம் முட்டாய்? லஞ்சம் வாங்குகிற வக்கீல் இல்லை. இவளே முந்திக்கொண்டு அவள் சார்பில் பேசிவிடுவதா, எப்போதும் செய்வது அதுதானே, கடையில், பேருந்தில், பக்கத்து வீட்டில், 'தண்ணி கேக்கறா', 'பூனை எங்கன்னு கேக்கறா', அவள் பதினைந்து சொல்லில் சொன்னதை இவள் இரண்டு சொல்லாக்கிக் கொடுத்துவிடுவாள், கேட்டவர்களும் ஓ தண்ணியா என்று போய்விடுவார்கள், 'அந்தக் குளிர்ந்தது வேண்டாம், நேத்து குடிச்சு பல்லு கூசிச்சு, சாதாத் தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க' என்று ஒரு பெண் கேட்டது இவளைத் தவிர யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஊருக்கெல்லாம் தண்ணீர் கேட்கிற குழந்தையாக அவளை ஆக்கி வைத்தது யார்? காப்பகத்து டீச்சரா?

ஐந்து நாற்பத்தைந்து. காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டிருந்தார்கள், வக்கீல் ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழவில்லை, கண் மட்டும் பெரிசாக இருந்தது, இவளைப் பார்த்ததும் முதலில் முழங்காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், ஓடி வரவில்லை. 'காத்து அடிக்க ஆரம்பிச்சதுல இருந்து ஜன்னலை விட்டு நகரலைங்க, கூப்பிட்டா திரும்பக்கூட இல்ல' என்று டீச்சர் வருத்தமாகச் சொன்னாள், பொறுப்பாளர் அம்மா அதைக் கேட்டுக் காகிதத்தில் ஏதோ எழுதினார். குட்டி மேஜை, குட்டி நாற்காலி, மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், இவள் முழங்கால் காதைத் தொட்டது. பொறுப்பாளர் அம்மா ஒரு பட அட்டையை எடுத்துக் காட்டி, 'இது என்ன, சொல்லு பார்ப்போம்' என்றார், பந்து. வக்கீல் பந்தைப் பார்த்தாள், பொறுப்பாளர் அம்மாவைப் பார்த்தாள், இத்தனை வயசுக்கு இவங்களுக்குப் பந்து தெரியாதா என்கிற மாதிரி ஒரு பார்வை, அட்டையை வாங்கிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை, வைத்துவிட்டாள். அடுத்தது பூனை. அதற்கும் மௌனம். அடுத்தது குடை. பேனா எழுதிக்கொண்டே போயிற்று. இவளுக்கு நாக்கு துடித்தது, தெரியும்ங்க, எல்லாம் தெரியும், குடை தெரியும், குடை உள்வெளியாய்த் திரும்பிக்கொண்டால் அதற்கு மழை மேலே கோபம் என்று போன வாரம்தான் சொன்னாள்… சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் ஒரு அம்மா பேசுகிறாள், அவ்வளவுதானே?

என்னமோ தோன்றியது, நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள், இப்போது பெண்ணின் முகம் இவள் முகத்துக்கு மேலே இருந்தது. 'வக்கீலம்மா, காலையில நீ சொன்னது எனக்குப் புரியல' என்றாள். எதிரில் வேறு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் இதை ஒப்புக்கொள்வதென்றால், என் பெண் பேசுவது எனக்கே புரியாது என்று நானே எழுதிக் கொடுக்கிற மாதிரிதான், இருந்தாலும் சொன்னாள், 'புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டேன்.' மகள் இவளைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். 'பொய்த்தயை' என்றாள். பேனா நின்றது. 'ஆமாடா, பொய்த்தலைதான். தப்புதான். இப்ப லாரி இல்ல, பஸ் இல்ல. இன்னொரு தடவை சொல்றியா? புரியற வரைக்கும் கேக்கறேன்.' வக்கீல் யோசித்தாள், அந்த யோசிக்கிற நேரம் இருக்கிறதே, பதினொரு ஏணியையும் இவள் இன்னொரு தரம் ஏறி இறங்கியிருக்கலாம், பிறகு ஒரு விரலை மடக்கினாள். 'தாத்து அடித்தா' என்றாள். 'காத்து அடிச்சா' என்றாள் இவள். கட்டை விரல் மேலே. 'நீ மெதுவா இயந்து.' 'நீ மெதுவா… எழுந்திரு?' 'இல்ல.' 'மெதுவா… இரு?' 'இல்ல.' வக்கீல் கத்தவில்லை, நாற்காலியில் ஏறி நின்றாள், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இறக்கினாள், தரை தட்டுகிறதா என்று பார்த்தாள், பிறகு அடுத்த காலை, இறங்கி முடித்ததும் குனிந்து இவளுடைய முழங்காலைத் தொட்டாள், போன வாரத்துச் சிராய்ப்பு இருந்த இடம், சரியாக அந்த இடம். 'ஏணியில நீ மெதுவா இறங்கு' என்றாள் இவள். கட்டை விரல்.

இரண்டாவது விரல் மடங்கியது, 'நீ யேட்டா வந்தா நான் அய மாட்டேன்.' 'நீ லேட்டா வந்தா நான் அழ மாட்டேன்' என்று திருப்பிச் சொன்னாள், சொன்ன பிறகுதான் மேஜைக்கு அடியில் உருட்டிக்கொண்டிருந்த மாவுத் துண்டு ஞாபகம் வந்தது, அவளுக்குப் புரிகிறதா என்றா சந்தேகப்பட்டார்கள், மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு பெரியவர்கள் சண்டையைக் கேட்டு, ஒரு வாரம் மனசுக்குள் வைத்திருந்து, காலையில் மரம் ஆடுவதைப் பார்த்து, இன்றைக்கும் காற்று வரும், அம்மா ஓடிவருவாள், ஓடினால் வழுக்கும், ஓடுவது நான் அழுவேன் என்று, ஆகவே நான் அழ மாட்டேன் என்று சொல்லிவிட்டால்… அடி என் ராசாத்தி, இத்தனையையும் எந்த விரலில் மடக்கி வைத்திருந்தாய்? 'ஆனா' என்றாள் வக்கீல், தெளிவாக. 'ஆனா நீ டீத்தய்திட்ட தொய்யிடு.' 'ஆனா நீ டீச்சர்கிட்ட சொல்லிடு.' கட்டை விரல். இப்போது அவள் கிட்டே வந்தாள், காலையில் வந்த மாதிரியே, குரல் தணிந்தது, வெட்கமோ என்னமோ, 'நான் தொன்னா அவந்தயுத்துப் புயியாது.' இவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது. திருப்பிச் சொல்ல வேண்டும், சட்டம், பொறுப்பாளர் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், டீச்சர் கதவருகில் நிற்கிறாள், வக்கீல் காத்திருக்கிறாள், 'நான் சொன்னா… அவங்களுக்குப் புரியாது' என்றாள். கட்டை விரல் மேலே வந்தது, உடனே மடங்கியது, அதே விரல் இவளைச் சுட்டியது, 'நீ தொய்யய.' நீ சொல்லல. அதைத் திருப்பிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

கூப்பிட்டால் திரும்பாத பெண், காற்று அடிக்க ஆரம்பித்ததிலிருந்து ஜன்னலை விட்டு நகராத பெண், ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள், அழ மாட்டேன் என்றாள், அழவில்லை, ஒப்பந்தத்தில் தன் பங்கைக் கடைசி எழுத்து வரைக்கும் செய்தாள், 'சரி' என்று சொன்னவள்தான் எதையும் செய்யவில்லை, தடதடவென்று இறங்கினாள், காற்றடித்தால் வர லேட்டாகும் என்று டீச்சரிடமும் சொல்லவில்லை. பொறுப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார், 'புரிஞ்சுது கண்ணு, எல்லாம் எனக்கு நல்லா புரிஞ்சுது' என்று தலையை ஆட்டினார், கனிவாகத்தான் ஆட்டினார். வக்கீல் அந்தத் தலையைப் பார்த்தாள், ஐயோ, இவளுக்கு அந்தப் பார்வை தெரியும், 'தியுப்பித் தொய்யு' என்றாள். பொறுப்பாளர் அம்மா இவள் பக்கம் திரும்பினார், என்ன சொல்கிறாள் என்று கண்ணால் கேட்டார், 'திருப்பிச் சொல்லு' என்கிற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, இரண்டே சொல், சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சுலபம், இவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள், பல்லால் பிடித்துக்கொண்டாள் என்றே சொல்லலாம். 'எனக்குப் புரியலையேம்மா' என்றார் பொறுப்பாளர் அம்மா கடைசியில், மகளிடமே, குரலில் அந்தக் கனிவு போய் வேறு ஏதோ வந்திருந்தது, 'இன்னொரு தடவை சொல்றியா?' வக்கீல் அவரை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு அவருக்கு முன்னால், பரீட்சையில் மார்க் போடுகிற மாதிரி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

சின்னவர்கள் அறை பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை, 'இப்போதைக்கு இங்கயே இருக்கட்டும், நாங்க கேட்டுப் பழகறோம்' என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னார் பொறுப்பாளர் அம்மா, டீச்சர் குனிந்து வக்கீலின் செருப்பு வாரைப் போட்டுவிட்டுக்கொண்டே என்னமோ கேட்டாள், வக்கீல் என்னமோ சொன்னாள், டீச்சர் திருப்பிச் சொன்னாள், 'இல்ல' என்று கேட்டது, மறுபடி சொன்னாள், மறுபடியும் 'இல்ல', வெளியே வந்தபோது காற்று நின்றிருந்தது, தெருவெல்லாம் இலை, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி எதிர்ப் பக்கத்துச் சுவரோரம் சாதுவாக உட்கார்ந்திருந்தது. பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், கனமாக இருந்தாள், நிறைவாக இருந்தது, இத்தனை பெரிய ஆளை நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று ஒரு பெருமை, அந்தப் பெருமைக்கு நடுவில்தான் சுருக்கென்று ஒன்று தைத்தது… இன்றைக்கு ஒரு சரி. நேற்று? குளிப்பாட்டும்போது சோப்பு நுரைக்கு நடுவில் 'ஒருவேளை' என்று ஆரம்பித்து நீளமாக ஒன்று சொன்னாளே, அதற்கு என்ன சொன்னேன்? அதற்கு முந்தின வாரம் பேருந்தில், ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாளே? அடுப்பில் பால் பொங்கியபோது? சிக்னல் அண்ணன் போன் செய்தபோது? ஆறு வருஷமாக ஒரு செங்கல்லுக்கும் பொய் சொல்லாதவள் என்று மேலே உட்கார்ந்துகொண்டு மார்தட்டினோமே. 'வக்கீலம்மா' என்றாள் மெதுவாக, 'இதுக்கு முன்னாடி… நான் சரின்னு சொல்லிட்டு செய்யாம விட்டது வேற ஏதாவது இருக்கா?' மகள் யோசித்தாள். இடுப்பில் இருந்தபடியே ஒரு கையை விரித்து ஒரு விரலை மடக்கினாள், இன்னொன்றை மடக்கினாள், இன்னொன்று, உதடு தனக்குள் அசைந்தது, அந்தக் கை முடிந்தது, அடுத்த கையைப் பார்த்தாள், அது அம்மாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 'என்னைத் தீய இயத்தி விடு' என்றாள். 'உன்னைக் கீழ இறக்கி விடணும்' என்று இவள் திருப்பிச் சொன்னாள், கட்டை விரலுக்காகக் காத்திருந்து, இறக்கிவிட்டாள்.